சலாபத் தெரு விலக்கு

12-9-1974, வியாழன். இன்று ஒரு சின்னத் தப்பு. மனுவில் மொத்தம் பதினைந்து இடத்தில் 'விளக்கு' வருகிறது. பதினான்கு இடத்தில் 'ள' சரியாக விழுந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் இடது மோதிர விரல் செய்ய வேண்டிய வேலையை வலது ஆள்காட்டி விரல் செய்து, 'ல' விழுந்துவிட்டது. அந்த ஒரு இடம் தலைப்பு.

இவ்வளவையும் டைரியில் எழுதிய பிறகு, 'சின்னத் தப்பு' என்பதில் 'சின்ன' என்று போட்டது நியாயமா என்று கிளாடிசுக்குச் சந்தேகம் வந்தது. அதைக் கோடு போட்டு அடித்தாள். அடித்தது அதைவிட மோசமாகத் தெரிந்ததால் மறுபடியும் மேலே எழுதினாள்.

மனு காலையிலேயே வார்டு ஆபீசுக்குப் போய்விட்டது. சலாபத் தெரு நலச் சங்கத்தின் தலைவரும் பலசரக்குக் கடைக்காரருமான தாணுலிங்கம் அண்ணாச்சி தானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, சீலும் வாங்கி வந்துவிட்டார். கையில் மிஞ்சிய கார்பன் நகலில்தான் கிளாடிஸ் அதைப் பார்த்தாள்.

'பொருள்: சலாபத் தெருவுக்கு விலக்கு வேண்டுதல்.'

அவர்கள் கேட்க நினைத்தது வெளிச்சம். கேட்டிருப்பது வேறு. பெரிய ரோட்டிலிருந்து சின்ன ரோடு பிரியும் முக்கைத்தான் அந்தப் பக்கத்தில் விலக்கு என்பார்கள். கண்டக்டர் 'ஓட்டப்பிடாரம் விலக்கு' என்று குரல் கொடுத்தால் பாதி பஸ் எழுந்து நிற்கும்.

துறைமுக ரோட்டிலிருந்து கடல்வரை இறங்கும் சலாபத் தெருவில் முப்பத்தொரு வீடு. ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. அதற்காகத்தான் சங்கமே தொடங்கினார்கள். தெருவில் டைப் அடிக்கத் தெரிந்தவள் கிளாடிஸ் ஒருத்திதான் என்பதால் அவளைச் செயலாளர் ஆக்கினார்கள். மாலை டைப் வகுப்பில் அவள் ஹையர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து தெருவுக்குள் நுழையும்போது ஏழு மணி தாண்டிவிடும். அப்பா தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மா பிலோமினா வைத்ததுதான் சட்டம்.

"மழ பெறந்தா ஆறு மணிக்கே இருட்டிரும். ஆத்துமாக்கள் திருநாளுக்குள்ள தெருவுல விளக்கு எரிஞ்சா நீ கிளாசுக்குப் போ. எரியலைன்னா அந்த டொக்கு டொக்கு இதோட போதும்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஆத்துமாக்கள் திருநாள் நவம்பர் இரண்டு. பரீட்சை அதற்குப் பிறகு. வகுப்பு நின்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாமல் எந்த ஆபீசிலும் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லமாட்டார்கள்.

உள்ளே பதினான்கு இடத்தில் சரியாகத்தானே இருக்கிறது, படிக்கிறவர்களுக்குப் புரியாமலா போகும் என்று கிளாடிஸ் தன்னைத் தேற்றிக்கொண்டாள். வார்டு ஆபீசில் தலைப்பைத் தாண்டி யாரும் உள்ளே போவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

மூன்று வாரத்தில் கம்பம் வந்து இறங்கியது.

தெரு முகப்பில் நாலு பேர் குழி போட்டு அதை நட்டார்கள். பக்கத்து வீட்டுச் சந்தனமாரி அக்காள் கம்பத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிலோமினா அடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். தாணுலிங்கம் அண்ணாச்சி சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். கிளாடிஸ் மட்டும், கம்பம் ஆள் உயரத்துக்கு ஒரு முழம்தான் கூடுதலாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அதில் தகரப் பலகை ஒன்றை அடித்தார்கள். 'சலாபத் தெரு விலக்கு. பேருந்து நிற்கும்.'

நின்றது. திருச்செந்தூர் பஸ் நின்றது, சாகுபுரம் பஸ் நின்றது, ஷிப்டு முடிந்து துறைமுகத்திலிருந்து வருகிற பஸ் எல்லாம் நின்றது. உப்பு மூட்டையும் கருவாட்டுக் கூடையும் இறங்கின. ஒருவர் ஆட்டை இறக்கிக் கம்பத்திலேயே கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். ஆடு சந்தனத்தை நக்கியது.

எவனோ கண் தெரியாதவன் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான் என்று அண்ணாச்சி ஏசினார். அன்றைய டைரியில் கிளாடிஸ், 'சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம்: பயம்' என்று எழுதினாள்.

பிலோமினாவின் கணக்கு வேறு மாதிரி ஓடியது.

"முன்னால இருட்டுல ஒருத்தரும் இல்லாத தெருவா இருந்துச்சு. இப்ப இருட்டுல நாப்பது பேரு நிக்கிற தெரு. ஏளா, இதுக்குள்ளயா நீ ஏழு மணிக்கு நடந்து வருவே?"

உடனே இரண்டாவது மனு போடுவது என்று சங்கம் முடிவு செய்தது. அண்ணாச்சி சொல்லச் சொல்ல கிளாடிஸ் அடித்தாள். இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் மூன்று தடவை சரிபார்த்தாள். தலைப்பிலேயே விளக்கு என்று போட்டுவிடலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். எடுத்ததும் விளக்கு கேட்டால் யாரும் இரங்கமாட்டார்கள், முதலில் அவர்கள் மனசைத் தொட வேண்டும் என்றார் அண்ணாச்சி. அவர் தொட்ட தலைப்பு இது: 'பொருள்: விலக்கில் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து நின்று படும் சிரமம்.'

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

பத்து நாளில் இரண்டு புதுப் பலகைகள் வந்தன. பெண்கள் தனி வரிசையில் நிற்க வேண்டும் என்று ஆபீசில் ஏற்பாடு செய்திருந்தார்கள். தெரு முகப்பின் இடதுபக்கம் அண்ணாச்சி கடைச் சுவரில் 'ஆண்கள்' என்று ஒன்று. வலதுபக்கம் பிலோமினா வீட்டுச் சுவரில் 'பெண்கள்' என்று ஒன்று. எந்தப் பக்கம் நிற்பது என்று குழப்பம் வரக் கூடாது என்பதற்காக இரண்டிலும் பெரிய அம்புக்குறி. வரிசை என்ற சொல்லுக்குத் தகரத்தில் இடம் போதவில்லை.

முதல் நாள் காலை, திருச்செந்தூரிலிருந்து வந்த பஸ் நின்றதும் மூன்று பெண்கள் இறங்கி, அம்புக்குறியைப் பார்த்து, விறுவிறுவென்று பிலோமினா வீட்டு நடைக்குள் ஏறினார்கள். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்கனம்மா இருக்கு?" என்றாள் முன்னால் வந்தவள்.

"அவரு கொழும்புக்குப் போயிருக்காரு."

"யாரு?"

"நீங்க யாரத் தேடுதிய?"

"யாரையும் தேடலை தாயி. அவசரம். வண்டி எடுத்துருவான்."

பிலோமினாவுக்கு விஷயம் புரிந்தபோது, இரண்டு பேர் அடுக்களையைத் தாண்டிப் பின்கட்டுக்கே போய்விட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் அண்ணாச்சியின் கதை இன்னும் மோசம். கடைக்குப் பின்னால்தான் அவர் கருப்பட்டிச் சிப்பங்களை அடுக்கி வைத்திருந்தார். அம்பு நேராக அங்கேதான் காட்டியது. வாங்க வந்தவர்களில் சிலர் கருப்பட்டியை முகர்ந்துபார்த்துவிட்டு வேண்டாம் என்று போனார்கள். அண்ணாச்சி கல்லாவை விட்டுவிட்டு, குடையும் கையுமாகக் கடை ஓரச் சந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குடையோடு ஒருவர் காவல் இருப்பதைப் பார்த்ததும், இது நல்லபடியாகப் பராமரிக்கப்படும் இடம் என்று பஸ்சில் வந்தவர்களுக்கு நம்பிக்கை கூடியது. வரிசையில் நின்று வந்தார்கள்.

பலகையைக் கழற்றினால் சர்க்கார் சொத்தில் கைவைத்த குற்றம் என்று யாரோ சொன்னதால் அதைத் தொடவும் பயம். சந்தனமாரி அக்காள் 'பெண்கள்' மேல் ஈரச் சேலையைக் காயப்போட்டாள். ஒரு பலகை மட்டும் தெரிந்தபோது, எல்லாரும் 'ஆண்கள்' பக்கமே போகத் தொடங்கினார்கள். அண்ணாச்சி தானே வந்து சேலையை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"வெள்ளிக்கிழமையோட கிளாசு முடிஞ்சுது" என்றாள் பிலோமினா. இந்த முறை அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் கிளாடிசைப் பயமுறுத்தியது.

அன்று மாலை சங்கக் கூட்டத்தில் அவள் கார்பன் நகலை எடுத்து மேசையில் வைத்தாள். தப்பு ஆபீசில் இல்லை, தன் விரலில் என்று சொன்னாள். சொல்லும்போது அந்த விரலையும் நீட்டிக் காட்டினாள். எல்லாரும் விரலைப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி நகலை வாங்கிக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"வெலக்குன்னுதான போட்டிருக்கு. இதுல என்ன தப்பு?"

"லானா, அண்ணாச்சி. ளானா வரணும்."

"ரெண்டும் ஒண்ணுதான பிள்ள. வாயில சொல்லிப் பாரு."

கிளாடிஸ் நாலு தடவை சொல்லிக் காட்டினாள். அண்ணாச்சியும் நாலு தடவை சொன்னார். எட்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. கடைசியில் அவள் விளக்குத் திரியையும் விலக்கு முக்கையும் படம் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. படம் பார்த்ததும் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு, செயலாளர் தப்பு செய்தால் தலைவரும்தான் கூட வந்து நிற்க வேண்டும் என்று சட்டையை மாட்டினார்.

மறுநாள் இருவரும் வார்டு ஆபீசில் கிளார்க் வன்னியபெருமாளின் முன்னால் நின்றார்கள். நடந்ததைத் தேதி வாரியாகக் கிளாடிஸ் சொன்னாள். மனு சரியாக இருந்த பதினான்கு இடங்களையும் பக்கம், வரி என்று குறித்துக் கொண்டுவந்திருந்தாள். வன்னியபெருமாள் கேட்டார், கொட்டாவி விட்டார், பைலைக் கட்டி ஓரமாக வைத்தார்.

"சரிம்மா. ஆள் வந்து பாக்கும். போங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில், இனி யாரும் வரப்போவதில்லை என்று அண்ணாச்சி சொன்னார். கிளாடிசும் அப்படித்தான் நினைத்தாள். வீட்டுக்கு வந்து டைப் புத்தகங்களை எடுத்து, திருப்பிக் கொடுக்க வேண்டியவை, வைத்துக்கொள்ளலாம் என்பவை என்று இரண்டாகப் பிரித்து அடுக்கினாள்.

புதன்கிழமை மத்தியானம் ஏணியும் கம்பிச் சுருளுமாக மாட்டு வண்டி ஒன்று தெரு முகப்பில் வந்து நின்றது. அதன்மேல் நிஜமான விளக்குக் கம்பம். லைன்மேன் செல்லப்பாண்டி நாலு ஆளை வைத்து அதை நட்டு, ஏறி, கம்பி இழுத்து, விளக்கும் கிண்ணமும் மாட்டினார். பொழுது சாயும் நேரத்தில் சுவிட்சைத் தட்டினார். வெளிச்சம் தெருவின் பாதிவரை இறங்கியது. கம்பத்தில் கட்டியிருந்த யாருடையதோ ஆடு தன் நிழலைப் பார்த்துத் திடுக்கிட்டது.

பிலோமினா வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே போனாள். பிரித்து வைத்திருந்த புத்தகங்களை ஒரே அடுக்காக்கி, மகளுடைய பைக்குள் திணித்து, வாசல் ஆணியில் மாட்டினாள்.

உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைக்கும் என்று கிளாடிஸ் எதிர்பார்க்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கிய செல்லப்பாண்டிக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, தங்கள் மனுவை இந்த முறை உள்ளேவரை படித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றாள்.

செல்லப்பாண்டி காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.

"தெரு விளக்குக்கா? அந்த மனுவெல்லாம் ஒம்பது வருசமா மூட்டையில கெடக்கு தாயி. போர்டு இருக்கு, கக்கூசக் காணோம்னு பஸ்சுல போறவங்க நூறு பேரு எழுதிப் போட்டுட்டாங்க. கக்கூசுன்னா மொதல்ல விளக்கு எரியணும்னு ரூலு, நாளைக்குக் காலைல குழி தோண்ட ஆள் வரும்."

30-10-1974, புதன். நாளை காலை ஏழு மணிக்குள், குழி வேண்டாம் என்று மனு அடிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு வகுப்பு.