அப்பா, எண்ணிக்கை ஒன்று

ஓர் ஊரைப் பார்த்தாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? அந்த ஊரும் குடும்பமும் ஒரே படத்தில் விழுந்த பிறகுதான். இது கண்காணிப்பாளரின் கொள்கை. அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கோப்பு பார்த்தவர். ஆதாரம் இல்லாத எதையும் நம்ப மாட்டார். தன் கல்யாணத்தை நம்புகிறார் என்றால், அதற்கு ஆல்பம் இருக்கிறது.

வெளிநாட்டுப் பயணத்துக்கு அவர் போட்ட அட்டவணையில் மூன்று நாளில் முப்பத்தோரு இடம். மனைவி பெட்டி அடுக்கப் போய்விட்டாள். ஆறு வயதுப் பையனை யாரும் கேட்கவில்லை. பத்து வயது மகள் மட்டும், "எனக்கு அந்தக் கடிகாரம் போதும்ப்பா" என்றாள். அந்த ஊர்ச் சதுக்கத்து மணிக்கூண்டில் நாளுக்கு ஒரே தடவை, சரியாகப் பகல் பன்னிரண்டுக்கு, பித்தளைப் பறவைகள் கதவைத் திறந்துகொண்டு வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போகும். ஆறு மாதமாக அவளுக்கு அதே பேச்சு. கடைசி நாளில்தான் அட்டவணையில் இடம் கிடைத்தது. மறுநாள் விடிந்தால் விமானம்.

அன்று பதினொன்றேகாலுக்கு மூவரையும் சதுக்கத்தில் நிறுத்திவிட்டு, கண்காணிப்பாளர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் நடந்தார்.

"போதுங்க, நில்லுங்க" என்றாள் மனைவி.

"கூண்டு முழுசா வரல."

கூண்டு வந்தபோது பையன் விடுபட்டான். பையன் வந்தபோது கூண்டின் உச்சி போயிற்று. ரொட்டிக் கடையைத் தாண்டினார், நீரூற்றைச் சுற்றினார், சதுக்கத்தின் வாசலையும் முதுகாலேயே கடந்தார். கடைசியில் கூண்டு அடி முதல் நுனி வரை விழுந்தது. குடும்பமும் மூன்று புள்ளிகளாக விழுந்தது. தட்டிவிட்டு நிமிர்ந்தால் வாசலில் கயிறு கட்டியாகிவிட்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் குடும்பம், இந்தப் பக்கம் அவர், நடுவில் ஒரு காவலர்.

காவலர் ஒரு பலகையைக் காட்டினார். நெரிசல் காரணமாகப் பதினொன்றரை முதல் பன்னிரண்டரை வரை குடும்பங்களுக்கு மட்டுமே அனுமதி என்று கைபேசி மொழிபெயர்த்தது.

"நானும் குடும்பஸ்தன்தாங்க. குடும்பம் உள்ள இருக்கு."

காவலர் அவருக்கு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். ஆள் இல்லை. பக்கத்துக் கட்டடத்தை நோக்கிக் கை நீட்டினார். மனைவியைக் கூப்பிடலாம் என்றால் அவள் கைபேசியும், பாஸ்போர்ட்டுகளும், பத்திரம் கருதி இவர் இடுப்புப் பையில்தான் இருந்தன.

அந்தக் கட்டடம் தவறவிட்ட பொருள்களின் அலுவலகம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. மேசையில் மொழிபெயர்க்கும் பெட்டி. அவர் தன் மொழியில் பேச, பெட்டி தமிழில் சொல்லிற்று:

"பதிவான இனங்களுக்கு மட்டுமே ஒலிபெருக்கி அறிவிப்பு செய்யப்படும். தாங்கள் தொலைந்த குழந்தையா, தொலைந்த பொருளா?"

அந்தத் தமிழைக் கேட்டதும் கண்காணிப்பாளருக்குச் சொந்த அலுவலகத்துக்கே வந்துவிட்டதுபோல் தெம்பு பிறந்தது.

"ரெண்டும் இல்லைங்க. நான் அப்பா."

"அத்தகைய இனம் படிவத்தில் இல்லை."

"அப்ப குழந்தைன்னு போட்டுக்குங்க."

"குழந்தைக்கு வயது வரம்பு பன்னிரண்டு. பொருளுக்கு வயது வரம்பு இல்லை."

இதில் குறை காண அவரால் முடியவில்லை. இதைவிட மட்டமான காரணத்துக்கெல்லாம் அவரே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "சரி, பொருள்னே போடுங்க" என்றார்.

சட்டைப் பொத்தானில் ஒரு சீட்டைக் கட்டினார்கள். பதிவு எண் நாற்பத்தேழு. விவரம்: அப்பா. எண்ணிக்கை: ஒன்று. நிலை: பயன்படுத்தியது. அலமாரியின் மூன்றாவது தட்டில் ஒரு குடைக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். சதுக்கம் முழுக்க, எல்லா மொழியிலும் அறிவிப்பு முழங்கியது: "மீசையுடன் கூடிய அப்பா ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் தக்க அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம். ஒப்படைப்பு நடைமுறைக்கு முப்பது நிமிடம் ஆகும்."

மணி பதினொன்றே முக்கால். கண்காணிப்பாளருக்குச் சுருக்கென்றது. இவரை வாங்க வந்தால் பறவைகள் போயே போச்சு. ஆறு மாதமாக அந்தப் பிள்ளை ஏங்கியது அதற்குத்தான். தட்டிலிருந்தபடியே கையைத் தூக்கினார்.

"மேடம், அறிவிப்பை வாபஸ் வாங்கிக்கறேன்."

"பொருளுக்கு மனுச் செய்யும் உரிமை இல்லை."

காவலரிடமிருந்து வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. பெட்டி அதையும் பொறுப்பாகச் சொல்லிற்று: "பொருள் பத்திரமாக உள்ளதா என உரிமையாளர்கள் வினவுகின்றனர். உள்ளதெனில் பன்னிரண்டரைக்கு வந்து எடுத்துக்கொள்வார்களாம்."

அப்பாடா என்றிருந்தது. சற்றுக் கழித்து, இவ்வளவு சுலபமாகவா என்றும் இருந்தது.

பன்னிரண்டு அடித்தது. சுவருக்கு அப்பால் ஊரே ஆரவாரம் செய்தது. அவர் ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூவரும் வந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு. அதிகாரி பாஸ்போர்ட் கேட்டார். பாஸ்போர்ட் பொருளின் இடுப்பில் இருந்தது. உரியவர் வாங்கும்வரை பொருளைத் திறக்கக் கூடாது. அதிகாரி யோசித்துவிட்டு, அவருக்கும் பசி வந்திருக்க வேண்டும், எடுத்துப் போகலாம் என்று கையசைத்தார்.

"அதெப்படிங்க?" என்று தட்டிலிருந்து குரல் வந்தது. "அடையாளம் பார்க்காம குடுத்துட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

"இது எங்களுதுதான்" என்றாள் மனைவி. "சந்தேகமே இல்ல."

அதிகாரி முத்திரை குத்தினார்.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொத்தம் ஒம்பது பறவைப்பா. கடைசிப் பறவைக்கு ஒரு இறக்கை திறக்கல, இருந்தாலும் சுத்திச்சு. அதை வேற யாருமே பார்க்கல. எல்லாரும் கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அவங்களையே படம் எடுத்துக்கிட்டிருந்தாங்க. எங்ககிட்டதான் போனே இல்லியே, அதனால நாங்க பார்த்தோம்." கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்குக் காட்டணும்னு ஆசையா இருந்துச்சுப்பா. ஆனா நீங்க இருந்திருந்தா நாங்க பார்த்திருக்க முடியாது."

கண்காணிப்பாளர் பொத்தானிலிருந்த சீட்டை அவிழ்த்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

வெளியே வந்தால் கட்டடத்தைச் சுற்றி வரிசை நின்றது. அறிவிப்பைக் கேட்ட சதுக்கமே திரண்டு வந்திருந்தது. மனைவிகள் கணவர்களைக் கூட்டி வந்திருந்தார்கள், கணவர்கள் மனைவிகளை. இரண்டு சிறுமிகள் அப்பா அம்மா இருவரையுமே இழுத்து வந்திருந்தார்கள். "மீன் காட்சி பார்த்துட்டு வந்து எடுத்துக்கறோம்" என்று ஒரு தமிழ்க் குரலும் கேட்டது.

அந்தக் குரலுக்கு உரியவளின் கணவர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கண்காணிப்பாளரைக் கேட்டார்: "சார், உள்ள சார்ஜ் போட இடம் இருக்கா?"

"மூணாவது தட்டுல ரெண்டு இருக்கு" என்றார் கண்காணிப்பாளர்.