சூது நுழையாத வீடு

ஐந்தாவது மெசின் மட்டும் சுவரை விட்டு வரமாட்டேன் என்று நின்றது.

கோபாலசிங்கம் கதிரையின்மேல் ஏறி, ஸ்குரூ டிரைவரை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். எட்டுத் திருகாணியில் ஏழு கழன்றுவிட்டது. எட்டாவதின் தலை தேய்ந்து வழுக்கியது.

"இஞ்சேருங்கோ, மணி ஒண்டாகுது," என்றாள் சிவமலர், கதிரையின் காலைப் பிடித்தபடி. "அவை நாலு மணிக்கு வந்திடுவினம்."

"தெரியும்."

"தெரிஞ்சால் சுவரையும் சேர்த்துக் கழட்டுங்கோ."

கோபாலசிங்கம் மூச்சை அடக்கி ஒரு திருகுத் திருகினார். திருகாணியின் தலை முறிந்து அவருடைய சட்டைப் பைக்குள் விழுந்தது. உடம்பு சுவருக்குள்ளேயே இருந்துவிட்டது.

"இனி அது அசையாது," என்றார் அவர். அந்த இக்கட்டிலும் அவருடைய குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதைச் சுவரில் பொருத்தியவர் அவர்தானே.

அது ஒரு பச்சிங்கோ மெசின். யப்பான்காரர் விளையாடுவது. நெஞ்சளவு உயரப் பெட்டி, முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் முந்நூறு பித்தளை ஆணிகள். பிடியை இழுத்து விட்டால் சுண்டங்காயளவு இரும்புப் போளை ஒன்று மேலே பாய்ந்து, ஆணிகளில் தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டுக் கீழே வரும். நடுவில் பூ மாதிரி விரிந்த ஒரு வாய்க்குள் அது விழுந்தால் மணி அடித்துப் பதினைந்து போளைகள் தட்டில் கொட்டும். விழாவிட்டால் போனது போனதுதான்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், ஒரு நொத்தாரிசு வீட்டில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர் கோபாலசிங்கம். அந்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, கப்பல் எஞ்சினியராக இருந்த தன் தம்பி கொண்டுவந்த உடைந்த மெசின் ஒன்றை ஒன்பது வருடத்துக்கு முன் அவரிடம் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னாள். கோபாலசிங்கம் போடவில்லை. ஒரேத்தோத் தெருவில் இருக்கும் தன் நாலாம் மாடி வீட்டுக்குச் சுமந்து வந்து, ஆணி ஆணியாகப் பழப்புளி போட்டு மினுக்கி, ஏழு மாதத்தில் ஓட வைத்தார். பிறகு தொரினோவில் ஒன்று, மார்செய்யில் ஒன்று என்று தேடி வாங்கி, இப்போது ஐந்து. ஓய்வு பெற்ற மனிதருக்கு ஒரு கைவேலை. அந்த வீட்டில் ஒரு சதத்துக்கும் ஒருவரும் அதில் விளையாடியதில்லை.

இன்றைக்கு வருகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

மகள் ஆரணியைப் பெண் பார்க்க லண்டனிலிருந்து மாப்பிள்ளை பகுதி வருகிறது. மாப்பிள்ளை கஜானனும் ஆரணியும் இரண்டு மாதமாகத் தொலைபேசியில் கதைக்கிறார்கள். மருந்துக்கடை வேலையால் களைத்து வருகிற பிள்ளை, போனைக் காதில் வைத்துக்கொண்டு பல்கணியில் நின்று சிரிக்கிறாள். அப்படி அவள் சிரித்துக் கோபாலசிங்கம் கேட்டு நாலு வருடம். இந்தச் சம்பந்தம் நடக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

பலெர்மோத் தமிழ்ச் சனம் எல்லாம் லண்டனுக்குப் போகத் துடிக்கிற காலத்தில், கலியாணம் முடிந்ததும் தாய் தகப்பனோடு பலெர்மோவுக்கே வந்து இருக்கிறோம் என்று சொன்ன முதல் மாப்பிள்ளை பகுதி இதுதான். மாப்பிள்ளைக்குக் கணினி வேலை, எங்கிருந்தும் செய்யலாம். சீதனமும் வேண்டாமாம்.

"குடும்ப மானத்துக்கு உள்ள மதிப்பைப் பாத்தியோ?" என்று கோபாலசிங்கம் ஒரு மாதமாகச் சிவமலருக்குச் சொல்லி வருகிறார். "லண்டனிலையிருந்தும் தேடி வருகினம்."

தரகு பேசிய செல்வராசா, பல்லரோச் சந்தையில் கடை வைத்திருப்பவன், ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பொம்பிளை வீட்டிலை சூதாட்டப் பழக்கம் ஏதும் இருக்கோ எண்டு கேக்கினம். வீட்டுக்குக் கிட்ட உந்த மெசின் வைச்ச பார் இருக்கோ எண்டும் கேக்கினம்."

கோபாலசிங்கத்தின் முதுகு, ஏற்கெனவே நேரானது, இன்னும் நேரானது.

"எங்கடை பரம்பரையிலை கடதாசி விளையாட்டுக்குக் குந்தினவன் ஒருத்தன் இல்லை எண்டு சொல்லு. முப்பத்தொரு வரியமாய் நான் பாருக்குள்ளை கோப்பி குடிக்கவும் போனதில்லை எண்டு சொல்லு."

"சொல்லுறன். அப்ப உங்கடை போளை மெசினுகள்?"

"அது சூதில்லை. கைவேலை."

"எனக்குத் தெரியும் அண்ணை. அவைக்கு?"

அதனால்தான் காலையிலிருந்து இந்தப் பாடு. நாலு மெசின்கள் பல்கணியில் தறப்பாளுக்குக் கீழே போய்விட்டன. ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரியது, செம்மஞ்சள் நிறத்தது, விறாந்தைச் சுவரில் மாப்பிள்ளையைப் போல நிமிர்ந்து நின்றது.

சிவமலர் ஒரு பட்டுச் சீலையைக் கொண்டுவந்து அதற்குமேல் போர்த்தினாள். அறையிலிருந்து வந்த ஆரணி நின்று பார்த்தாள்.

"அப்பா, ஆரோ ஒளிச்சு நிக்கிற மாதிரி இருக்கு."

"அப்பிடியோ?"

"கூறைச் சீலை உடுத்துக்கொண்டு. என்னைப் பாக்க வந்தவை இதைப் பாத்து ஓம் எண்டிடுவினம்."

"போய்த் தலை இழு பிள்ளை."

சிவமலர் சொன்னாள்: "போளையெல்லாத்தையும் வெளியிலை எடுத்துவிடுங்கோவன். வெறும் பெட்டிதானே. ஓடாது."

"என்ரை வீட்டுச் சுவரிலை ஓடாத மெசினோ?" என்றார் கோபாலசிங்கம். அவருக்கு உண்மையாகவே நெஞ்சில் குத்தியது. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சுத்தியலை எடுத்தார். "பொய் சொல்லத் தேவையில்லை. ஒருத்தராலும் வெல்ல ஏலாத மெசின் எப்பிடிச் சூதாகும்? பூ வாய்க்கு மேலை இருக்கிற ஆணியளை நெருக்கி விடுறன். ஆயிரம் போளை விட்டாலும் ஒண்டும் விழாது. அதை அவைக்கே காட்டுவன்."

"நீங்கள் ஒண்டும் காட்ட வேண்டாம். வாயைத் திறவாமல் இருந்தால் காணும்."

மத்தியானம் பலெர்மோ படுத்திருக்கும் நேரம். கோபாலசிங்கம் டிக் டிக் என்று ஆணி தட்ட, கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா தும்புத்தடியால் கூரையில் இடித்தாள். அவர் விடவில்லை. இரண்டரை மணி நேரம் தட்டினார். நூறு போளை விட்டுப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. திருப்தியோடு சீலையை இழுத்து மூடினார்.

அப்போதுதான் சிவமலர் சோபாவுக்குக் கீழே கையை விட்டு, மேலதிகப் போளைகள் இரண்டாயிரம் கட்டி வைத்த தலையணை உறையைக் கண்டாள்.

"ஐயோ! அவை இருக்கப் போற இடத்திலை! காருக்குள்ளை கொண்டுபோய் வையுங்கோ."

பதினொரு கிலோ. லிப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. கோபாலசிங்கம் உறையைத் தோளில் போட்டுக்கொண்டு பளிங்குப் படிகளில் இறங்கினார். மூன்றாம் மாடியில் உறையின் தையல் விட்டது.

இரண்டாயிரம் இரும்புப் போளைகள் பளிங்குப் படி வழியே இறங்குகிற சத்தத்தை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை. "தெர்ரெமோத்தோ!" என்று, நில நடுக்கம் வந்ததாகவே நினைத்து, கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா இரவு உடுப்போடு வாசலுக்கு ஓடிவந்தாள். இன்னும் மூன்று கதவுகள் திறந்தன. போளைகள் எவரையும் பொருட்படுத்தாமல் துள்ளித் துள்ளிக் கீழ்வாசல் வரை போய், அப்போதுதான் உள்ளே வந்த மூன்று பேரின் கால்களைச் சுற்றி ஓடின.

மாப்பிள்ளை பகுதி பத்து நிமிடம் முந்தி வந்துவிட்டது.

முன்னால் மாப்பிள்ளையின் தாய், காஞ்சிபுரம் உடுத்து, கண்டிப்பான முகத்தோடு. பக்கத்தில் நெடிய கஜானன். பின்னால் தகப்பன், மனைவியின் கைப்பையைத் தன் கமக்கட்டுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு. பெண்சாதியின் பையைக் காவுகிற மனிதன் என்று கோபாலசிங்கம் அந்த நிலையிலும் மனதுக்குள் ஒரு குறை குறித்துக்கொண்டார்.

தாய் குனிந்து ஒரு போளையை எடுத்தார். விரல்களுக்கு நடுவில் உருட்டினார்.

"இதென்ன அண்ணை?"

"மெசின் போளை," என்றார் கோபாலசிங்கம். அவர் பொய் சொல்வதில்லை.

"என்ன மெசின்?"

மேலேயிருந்து ஓடிவந்த சிவமலர் மூச்சு வாங்கச் சொன்னாள்: "தையல் மெசின்!"

"தையல் மெசினுக்கு இவ்வளவு போளையோ?"

"இது இத்தாலி மெசின்."

எல்லாரும் மேலே போய் இருந்தார்கள். பயற்றம் பணியாரம் வந்தது. தாய் அதைத் தொடவில்லை. சுவரில் சீலை போர்த்து நின்றதையே பார்த்தார்.

"அதுதான் தையல் மெசினோ? எனக்கும் தைக்கத் தெரியும். பாப்பம்."

"அது பழுது," என்றாள் சிவமலர்.

பழுது! கோபாலசிங்கம் எழுந்தார். ஒரு பொய்யைப் பொறுத்தார். தன் கையால் திருத்திய மெசினைப் பழுது என்று தன் வீட்டுக்குள்ளேயே சொல்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. சீலையைப் பிடித்து ஒரே இழுவையில் இழுத்தார்.

"தங்கச்சி, இது பச்சிங்கோ. யப்பான்காரன்ரை விளையாட்டு. இதை நான் திருத்துறனான், விளையாடுறேல்லை. இது சூதில்லை. ஏனெண்டால் இதிலை ஒருத்தரும் வெல்ல ஏலாது. பாருங்கோ."

தகப்பனின் முகம் வெளுத்தது. கஜானன் பாதி எழும்பினான். கோபாலசிங்கம் பத்துப் போளை விட்டார். பத்தும் ஆணிகளில் தட்டி, பூ வாயைத் தாண்டி, அடியில் போய் மறைந்தன.

"ஒண்டாவது விழுந்ததோ?"

"இல்லை," என்றார் தாய். "நான் ஒருக்கா?"

"அம்மா, தேத்தண்ணி ஆறுது," என்றான் கஜானன் அவசரமாக.

"சோதிக்கட்டும் தம்பி. என்ரை வீட்டிலை மறைக்க ஒண்டுமில்லை."

தாய் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிடியை முழுதாக இழுக்கவில்லை. முக்கால் இழுத்து, ஒரு நொடி பொறுத்து, விட்டார். போளை இடப்பக்கமாக ஏறி, ஆணிகளுக்குள் நெளிந்து, நடுப் பூவுக்குள் போய் விழுந்தது. மணி அடித்தது. பதினைந்து போளைகள் கொட்டின.

"தற்செயல்," என்றார் கோபாலசிங்கம்.

மீண்டும் மணி அடித்தது.

கோபாலசிங்கம் கண்ணாடியைத் திறந்தார், சுத்தியலால் நடு ஆணிகளை இன்னும் நெருக்கினார். இப்போது போளை நடுவை விட்டுப் பக்கத்துப் பூக்களில் விழத் தொடங்கியது. பக்கத்தை அடைத்தார். ஆணியில் பட்டுத் தெறித்து மேலிருந்து நடுவில் விழுந்தது. அவருக்கு வியர்த்தது. கையை எடுக்கவில்லை.

"அம்மா, காணும். எழும்புங்கோ."

"ஒண்டு. ஒண்டே ஒண்டு."

ஆரணி தேத்தண்ணித் தட்டோடு வந்து முன்னால் நின்றாள்.

"வைச்சிட்டுப் போ பிள்ளை," என்றார் தாய், திரும்பாமல்.

ஆரணி கஜானனைப் பார்த்தாள். கஜானன் நிலத்தைப் பார்த்தான்.

"அண்ணை," என்றார் தாய், "உந்த இடப்பக்கத்து மூண்டாவது ஆணி கூடுதலாய் உள்ளுக்குச் சாஞ்சிருக்கு. அதை ஒரு மயிரிழை வெளியாலை விட்டால் ஓட்டம் வடிவாய் வரும்."

கோபாலசிங்கம் சுத்தியலோடு நின்றுவிட்டார். ஒன்பது வருடம். சிவமலர், ஆரணி, செல்வராசா, ஒருவரும் ஒருநாளும் ஒரு ஆணியைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. இதோ ஒரு மனிசி மூன்றாவது ஆணியின் சாய்வைக் கண்டு சொல்கிறார்.

"நானும் நினைச்சனான்," என்றார் கோபாலசிங்கம். ஆணியை மயிரிழை வெளியே விட்டார். தான் எதை நிரூபிக்கத் தொடங்கினார் என்பது அந்த இடத்தில் அவருக்கு மறந்துபோயிற்று.

பிறகு மணி நிற்கவேயில்லை. தட்டு நிரம்பியது. சிவமலர் தாச்சியைக் கொண்டுவந்து வைத்தாள். தாச்சியும் நிரம்பியது. ஆரணி சோற்றுப் பானையைக் கொண்டு வந்தாள்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது எங்கடை கலியாணம்," என்று ஆரணி சிவமலரின் காதுக்குள் சொன்னாள். "பஸ்தா. காணும்."

"எனக்குப் பொம்பிளை பிடிச்சிருக்கு," என்றார் மாப்பிள்ளையின் தாய், மெசினைப் பார்த்தபடியே. "இந்த மாதமே கலியாணத்தை வைப்பம். நானும் இந்த வீட்டோடையே வந்து இருக்கிறன். எந்த அறை எண்டாலும் பரவாயில்லை. இந்த விறாந்தை காணும்."

கோபாலசிங்கம் நிமிர்ந்தார். சிவமலரை ஒரு பார்வை பார்த்தார். உண்மை பேசுகிறவனின் வீட்டுக்கு எது வந்தாலும் நல்லதாகவே முடியும் என்று அந்தப் பார்வை சொன்னது. ஒரேத்தோ முழுவதும் கேட்கிற குரலில் அறிவித்தார்:

"தங்கச்சி, சீதனம் வேண்டாம் எண்டியள். ஆனால் வெறுங்கையோடை பிள்ளையைக் குடுக்கிற பரம்பரையில்லை நாங்கள். இந்த மெசின் உங்களுக்கு. பல்கணியிலை இன்னும் நாலு நிக்குது. அதுகளும் உங்களுக்கு!"

தாய் முதல் தடவையாக மெசினிலிருந்து தலையைத் திருப்பினார்.

"நாலோ?"

அதுவரை ஒரு சொல்லும் பேசாமல் இருந்த மாப்பிள்ளையின் தகப்பன், கைப்பையை இரண்டு கையாலும் அணைத்தபடி மெல்ல எழுந்தார்.

"அண்ணை, உங்கடை வீட்டிலை சூதாட்டம் இருக்கோ எண்டு கேட்டது உங்களிலை சந்தேகப்பட்டு இல்லை, போனமுறை இவ ஒரு மெசினுக்கு முன்னாலையிருந்து எழும்பேக்கை, எங்கடை லண்டன் வீடு வேறை ஆளின்ரை வீடாய்ப் போச்சுது."