ஒன்றரை டன்னுக்குப் பத்தொன்பது நாள்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம். அனைவரும் என்றால் இப்போது நான் ஒருவன்தான். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தாங்கள் என்று எழுத வரவில்லை, நீ என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

போன மாதம் உன் அக்காவை அடக்கம் செய்த அன்று, எல்லோரும் கிளம்பிய பிறகு, நீ அவள் அறையில் நின்று சுவரிலிருந்த ஏசியை நிமிர்ந்து பார்த்தாய். ஏசி மெக்கானிக்கின் கண் வேறு எங்கே போகும். "எப்ப மாட்டினது, அத்தான்?" என்றாய். வெயில் ஆரம்பிக்கும் முன்பே என்றேன். ஏழு வருஷத்தில் நாம் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது, அதுவும் பொய். அந்த ஏசிக்குக் கீழே அவள் படுத்திருந்தது மூன்றே நாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். அவளுக்கு இதயம் பலவீனம், இந்தக் கோடை வெயிலில் அறையைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்றார் டாக்டர். அன்று மாலையே மூன்று கடை ஏறி ஏசிக்கு மூன்று விலைச்சீட்டு வாங்கி வந்தேன். ஒன்றில் ஒன்றரை டன், அடுத்ததில் பதினெட்டாயிரம் பி.டி.யு., மூன்றாவதில் 5.3 கிலோவாட். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான், எண்ணைச் சரிபார்க்காமல் விடுவேனா? முதலில், ஒன்றரை டன் பாரத்தை மாடிச் சுவர் தாங்குமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் வெலவெலத்துப்போய்க் கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரைத் தட்டச் சொல்லி, கொத்தனார் உதட்டைப் பிதுக்கியதும், எங்கள் அறைக்கு நேர் கீழே இருந்த தன் கட்டிலை முன் அறைக்கு மாற்றிக்கொண்டார். இதிலேயே நாலு நாள் போச்சு. சார், அது எடை இல்லை, ஒரு டன் ஐஸ்கட்டி ஒரு நாள் பூரா உருகினா எவ்வளவு சூட்டை இழுக்குமோ அந்த அளவு என்றார் முதல் கடைக்காரர். நான் ஐஸ்கட்டி வாங்கவா வந்தேன், பக்கத்துக் கடையில பதினெட்டாயிரம் தர்றாங்க, நீங்க ஒன்றரையோட நிக்கிறீங்களேன்னு அவரோட சண்டை. பதினெட்டாயிரத்துக்காரர்கிட்ட போனா, அது ஒரு மணி நேரத்துக்குங்கிறார். அப்ப பகலுக்கு எவ்வளவு, ராத்திரிக்கு எவ்வளவுன்னு நோட்டுல பெருக்கிக்கிட்டு உட்கார்ந்தேன், அதுல ஒரு வாரம். அப்புறம் 5.3 கிலோவாட் இழுத்தா வயரெல்லாம் எரிஞ்சு போகுமேன்னு மின்சார அலுவலகத்துக்கு நாலு நடை.

உன் அக்கா ஈரத்துண்டை நெஞ்சுல போட்டுப் படுத்தபடி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருப்பா. தினமும் ஒரே பேச்சுதான். "தம்பிக்கு ஒரு போன் போடுங்க. நீங்களே போடுங்க." நான் போடல. ஏன்னு உனக்கே தெரியும். உன் மகள் கல்யாணப் பத்திரிகையில பதினோரு பிழைக்குச் சிவப்பு மையில வட்டம் போட்டு உனக்கே திருப்பி அனுப்பினவன் நான். நீ கல்யாணத்துக்கு வராதீங்கன்னு சொன்னே. நானும் வரல, அவளையும் விடல.

பத்தொன்பதாம் நாள், மின்சார அலுவலகத்துக் கவுன்ட்டர் அம்மா என் தொல்லை தாங்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு டன் என்றால் பன்னிரண்டாயிரம் பி.டி.யு.; அதுவே சுமார் மூன்றரை கிலோவாட். அது குளிர்விக்கிற அளவு, இழுக்கிற கரண்ட் அதில் பாதிகூட இல்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் ஒன்றரையால் பெருக்கினேன். மூன்று சீட்டும் ஒன்றேதான். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவ இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சா. "அப்ப மூணு கடைக்காரங்களும் நல்லவங்கதான்"னா. மறுநாள் மாட்டினாங்க. மத்தியானம் குளிருதுன்னு போர்வை கேட்டா, போர்த்திவிட்டேன். நாலாம் நாள் காலையில எழுந்திருக்கல.

வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எப்படியும் நடந்திருக்கும் என்கிறார் டாக்டர். அவர் சொன்னதை மட்டும் நான் சரிபார்க்கவில்லை. தைரியம் வரவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. பதில் எழுத வேண்டாம், இங்கே வரவும் வேண்டாம். உன் மனைவிக்கும், நான் வந்து வாழ்த்தாத உன் மகளுக்கும், அவள் குடும்பத்துக்கும் என் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழுங்கள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையில் எழுத உன் வீட்டுக் கதவு எண் தெரியாமல், அவள் மருந்து நேரம் குறிக்கும் நோட்டைப் புரட்டினேன். நான் சீட்டு வாங்கிவந்த மறுநாள் தேதியில், காலை மாத்திரைக்குக் கீழே, அவள் கையெழுத்தில் இருக்கிறது: 'மூன்றும் ஒன்றுதான் என்று தம்பி போனில் சொன்னான். இவர் வாயால் அவனிடம் கேட்கட்டும், அதுவரை நான் சொல்வதாயில்லை.' ஆக, அவளுக்குத் தெரியும். உனக்கும் தெரியும். தெரிந்தேதான் அன்று கேட்டாய். நான் சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனாய். மேலே இத்தனை பக்கம் எழுதியது வீண். வரவும் வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இருக்காது. வா.