கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வந்த கட்டுப்பாடு

காலை ஆறு மணி, நாற்பது முயல்கள், பூங்கோதை என்றொரு கீரி. ஒரு காட்டில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி இப்படித்தான் தொடங்கியது.

பூங்கோதை இளங்கலை உளவியல் இறுதியாண்டு மாணவி. பாம்பைக் கண்டால் அவளுக்குப் பயம். கீரி வீட்டில் இதைச் சொல்ல முடியாது. முதுகலையில் இடம் கிடைக்காவிட்டால் பெரியப்பாவுடன் பாம்புப் புற்றுக்கு வேலைக்குப் போகவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இடம் கிடைக்க வழிகாட்டியின் பரிந்துரை தேவை. வழிகாட்டி, முனைவர் தவசீலன் என்ற கொக்கு.

குயில் பாட்டு கேட்டால் பயம் குறையும் என்பது தவசீலனின் கருதுகோள். பாதி முயல்களுக்குக் குயில் பாடும். மீதிப் பாதியைப் பூங்கோதையிடம் காட்டி, "இது கட்டுப்பாட்டுக் குழு, பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் குளத்துக்குப் போய்விட்டார். மீன் விஷயமாக.

கட்டுப்பாட்டுக் குழு என்றால் என்ன என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அந்தப் பாடம் நடந்த அன்று கல்லூரிக்கு மட்டம் போட்டிருந்தாள். பெயரிலேயே விளக்கம் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த முயல்கள் வரிசையில் நின்றன. பேசக்கூடாது. காதை மடக்கிக்கொள்ள வேண்டும். சொறிந்துகொள்வதற்கும் கை தூக்கி அனுமதி கேட்க வேண்டும். குயில் குழுவோ மரத்தடியில் தூங்கித் தூங்கி ஒரு சுற்றுப் பெருத்தது.

மே கடைசியில் சோதனை. புதருக்குள் ஒலிபெருக்கி வைத்து, பதிவு செய்த புலி உறுமலை ஓடவிட்டார்கள். குயில் குழு மலையடிவாரம் வரை ஓடியது. பாடிய குயிலும் கூடவே போய்விட்டது. கட்டுப்பாட்டுக் குழு அசையவில்லை. கடைசியில் நின்ற முயல் மட்டும் கை தூக்கியது.

"அக்கா, ஓடலாமா?"

"வரிசை கலையாம நில்லு," என்றாள் பூங்கோதை.

தவசீலன் அவளைத் தனியே அழைத்தார்.

"இதுங்கள என்னம்மா பண்ணின?"

"கட்டுப்படுத்தினேன் சார்."

"கட்டுப்பாட்டுக் குழுன்னா ஒண்ணுமே பண்ணக்கூடாதும்மா. சும்மா விட்டுவைக்கிற குழு."

"அப்ப சும்மாக் குழுன்னே சொல்லியிருக்கலாமே சார்."

கொக்கு ஒற்றைக் காலில் நெடுநேரம் நின்றார். பூங்கோதையின் கண்ணுக்குப் புற்று தெரிந்தது. பிறகு அவர் காலை மாற்றினார். கருதுகோளையும் மாற்றினார். கட்டுப்பாடு பயத்தைப் போக்கும் என்பது தமக்கு நெடுநாளாகவே இருந்த எண்ணம் என்று கட்டுரையில் எழுதினார். குயிலின் பெயர் வெட்டுப்பட்டது. "சொன்னதைச் சொன்னபடியே செய்பவர்" என்று பரிந்துரையும் எழுதிக் கொடுத்தார். முதுகலையில் இடம் கிடைத்தது. பெரியப்பா தனியாகத்தான் வேலைக்குப் போகிறார்.

அடுத்த ஆண்டு ஜூலை 3ஆம் தேதி, இந்தப் பயிற்சியைக் காட்டிலுள்ள எல்லா முயல்களுக்கும் விரிவுபடுத்த நிதி ஒதுக்கிப் புலி உத்தரவிட்டது.

நீதி: புரியாததைக் கேட்டுவிட்டுச் செய்தால் அது பயிற்சி, கேட்காமலே செய்துவிட்டால் அது கண்டுபிடிப்பு.