பச்சை வீட்டுப் பிரியாணி

ஓர் ஆங்கிலச் சொல்லை எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று தெரியாமல், முன்பின் அறியாதவர்களின் நிச்சயதார்த்தத்தில் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டவள் நான்.

சின்ன ஊரான நிபோங் திபாலிலிருந்து ஜார்ஜ்டவுன் நகரத்துக்கு வேலைக்கு வந்து அப்போது ஐந்து மாதம். அலுவலகம், வாடகை அறை, மறுபடியும் அலுவலகம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்பது, லிட்டில் இந்தியாவில் "ஒரு டீ அண்ணே" என்று சொல்லும்போது மட்டும்தான். (சில நாள் அதை இரண்டு முறை சொல்வேன், சும்மா.) அப்படியிருக்க, பக்கத்து மேசை பிரேமா ஞாயிறு மதியம் தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள். குரல்செய்தி வந்தது: "எங்க ஜாலான்தான் ஒனக்குத் தெரியுமே, நேரா கிரீன்ஹவுஸுக்கு வந்துரு லா. எல்லாரும் அங்கதான்."

ஜாலான், அதாவது தெரு, தெரியும்; வீட்டு எண்ணைக் கேட்டிருக்கலாம். இங்கிலீஷ் புரியாதவள் என்று நினைத்துவிட்டால்? கேக் வாங்கிக்கொண்டு போனேன். அந்தத் தெருவில் ஒரே ஒரு பச்சை வீடு, வாசலில் ஏகப்பட்ட செருப்பு.

"வாங்க, வாங்க! மாப்பிள்ளை வீடா?" என்றார் ஓர் அம்மா. பிரேமாவுக்கு மாப்பிள்ளையா, சொல்லவே இல்லையே, உள்ளே அலங்காரத்தில் இருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன். பிரியாணி வந்தது. "ஏன்மா இவ்ளோ ஒல்லியா இருக்கே?" என்று இன்னொரு தட்டு வைத்தார். ஐந்து மாதத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அதையும் சாப்பிட்டேன்.

பிறகு அவர் கேக் பெட்டியைத் திறந்தார்.

"யாரும்மா பிரேமா? எங்க பொண்ணு பேரு நசீமாவாச்சே!"

குரல்செய்தியைப் போட்டுக் காட்டினேன். மணப்பெண் (ஆங்கில ஆசிரியையாம், என் நேரம்) சிரித்துவிட்டாள்.

"அக்கா, 'கிரீன்'ல மட்டும் அழுத்தினா ஒரே வார்த்தை, செடி வளர்க்கிற கண்ணாடிக் கொட்டகை. ரெண்டா பிரிச்சு 'ஹவுஸ்'லயும் அழுத்தினாதான் பச்சை வீடு. கடைசி வீட்டுக்குப் பின்னால ஒரு கண்ணாடிக் கொட்டகை இருக்கு, போய்ப் பாருங்க."

எல்லா எழுத்தையும் சமமாக நடத்திப் பழகிய என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன.

ஓடினேன். ஆர்க்கிட் செடிகளுக்கு நடுவே காகிதத் தட்டுகள் மட்டும் கிடந்தன. என் கைப்பேசியில் யாருடைய அழைப்பும் இல்லை.

திங்கட்கிழமை பிரேமாவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்: "நேத்து வந்ததுக்கு தேங்க்ஸ் லா! அந்தக் கூட்டத்துல ஒன்கிட்ட பேசவே முடியல."

"பரவால்ல" என்றேன்.

இப்போது எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் என் கணவர், "பொண்ணு பேரை ஒரு தடவை கேட்டுக்கிட்டு உள்ள போ" என்பார். மகள் வயிறு வலிக்கச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அந்தத் திங்கட்கிழமையை மட்டும் அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.