ஆகாயத்தில் ஒரு கடலைக் கொல்லை

ஆலங்குடிப் பக்கம் ஆகாயத்தில் விவசாயம் பார்த்த ஒரே மனிதர் மட்டக்கயிறுதான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

கிராவல் மண் எடுத்து முடித்த குழியை நிரப்பி, மறுபடி நிலமாக்கும் வேலைக்கு என்னைப் பொறியாளராக அனுப்பியிருந்தார்கள். குழி இருந்த இடம் ஒரு காலத்தில் அவருடைய கடலைக் கொல்லை. எதிரெதிர்க் கரைகளில் தப்பி நின்ற இரண்டு பனைகளின் அடியில் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, பழைய தரைமட்டம் இதுதான் என்று காட்டி வைத்திருந்தார். நாங்கள் வேலை பார்த்தது அதற்கு நான்கு ஆள் ஆழத்தில்.

என் நோட்டில் இடையூறுகள் என்று ஒரு பட்டியல் உண்டு: ஒன்று, மழை. இரண்டு, பாம்பு. மூன்று, மட்டக்கயிறு.

கயிற்றில் காக்கா உட்கார்ந்தால் கல்லெடுப்பார். "வெதையப் பொறுக்குது பாரு!"

டிப்பர் டிரைவர் சீண்டுவார். "என்னங்க, மேல களை வெட்டியாச்சா?"

"ஆள் கெடைக்கல. நீ ஏறி வெட்டுறியா?"

ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி அண்ணாந்து, கையை உயர்த்தி ஏதோ கேட்டார். இவர் பாய்ந்து வந்தார்.

"கைய எறக்குங்க சார். மேல கடலை பூத்திருக்கு."

அதிகாரி இறக்கிவிட்டார்!

ஒவ்வொரு லோடு மண் விழும்போதும் கயிற்றைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். ஒரு மத்தியானம் கேட்டே விட்டார்.

"ஆத்தா, கயிறு வரைக்கும் வந்துருமா? ஒரு போகமாச்சும் பழைய மட்டத்துல வெதச்சுப் பாத்துறணும்."

"வராதுங்கய்யா. கெடைக்கிற மண்ணுக்குப் பாதிக் குழிதான் நெரம்பும்."

கயிற்றை அண்ணாந்து பார்த்தார். "மூணு அடிதான் எடுப்போம்னு சொன்னாய்ங்க. கையெழுத்துப் போட்டது நாந்தான். எங்கப்பன் இருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி ஆய்வன்று காலையில் பனைகளுக்கு நடுவே கயிறு இல்லை. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஏங்கய்யா அவுத்தீங்க?"

"அது கெடந்தா நீ வேலையக் கொறையா வச்ச மாதிரித் தெரியும்ல? ஒன்னையத் திட்டுவாய்ங்க."

அந்த ஆடியில், நாங்கள் நிரப்பிய மண்ணில், பழைய மட்டத்துக்கு இரண்டு ஆள் ஆழத்தில்தான் கடலை விதைத்தார். அது பூப்பதற்குள் இறந்துபோனார்.

என் வரைபடத்தில் இன்றைய தரைக்கு மேலே ஒரு புள்ளிக்கோடு இருக்கிறது. இது தேவையில்லையே என்று அலுவலகத்தில் அழிரப்பரோடு வருகிறார்கள்.

"கைய எடுங்க சார்" என்கிறேன். "மேல கடலை பூத்திருக்கு."