தரைக்கு இணையாக ஒரு கூரை

அரைகுறையாகக் கணக்குத் தெரிந்தவனிடம் கயிற்றையும் மூங்கிலையும் கொடுக்கவே கூடாது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கியவன் நான். டில்லியில் சாக்கடைக் கால்வாய் ஓரத்து ஜுக்கிக் குடிசையில் இருந்துகொண்டு, கூரியர் வேலை போக மிச்ச நேரத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் வேறு எடுத்தேன் (பாவம், பிள்ளைகள்).

ஒரு நாள் புல்டோசர் வந்து எங்கள் வரிசையை இடித்துவிட்டுப் போனது. மறுநாள் எல்லோரும் நடைபாதையில் மூங்கில் நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். என் மனைவி செல்விக்கு அப்போது எட்டாம் மாதம். துணைக்கு வந்திருந்த மாமியார், "உளுந்தூர்பேட்டைக்கே கூட்டிட்டுப் போயிடறேன் மாப்ள. இங்க எங்க படுப்பா?" என்றார். பிரசவத்தின்போது நான் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. அவள் ஊருக்குப் போய்விட்டால், பின்னால் போக எனக்கு லீவு கிடைக்காது.

"நனையாம ஒரு இடம் பண்ணித் தரேன் அத்தை. பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

மற்றவர்கள் கூடாரத்தில் முன்கால் உயரம், பின்கால் குட்டை. எனக்கு அது பொறுக்கவில்லை.

"பக்கவாட்டுலேருந்து பாருங்க, எல்லாம் சரிவகம். ஒரு ஜோடிதான் இணை. நான் கட்டுறது சதுரம் அத்தை. ரெண்டு ஜோடியும் இணையா இருக்கும்."

பெண் கொடுத்த வருத்தம் முழுவதும் அவர் பார்வையில் தெரிந்தது.

நாலு மூங்கிலையும் ஒரே உயரத்துக்கு அறுத்தேன். கூரை தரைக்கு அச்சு அசலாக இணை. (போட்டோகூட எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.) மத்தியானம் மழை பிடித்தது. பக்கத்துச் சரிவகங்களில் விழுந்த தண்ணீர் ரோட்டுக்கு ஓடியது. எங்கள் தண்ணீருக்குப் போக வழியில்லை. தார்ப்பாய்க்கு நடுவில் தொப்பை விழுந்தது.

"ஏங்க, கீழ இறங்குதுங்க," என்றாள் செல்வி.

"கயிறு தாங்கும்," என்றேன்.

கயிறு தாங்கியது. மூங்கில்தான் பிடுங்கிக்கொண்டு வந்தது. அத்தனை தண்ணீரும் செல்வியின் மேல், படுக்கையின் மேல், அரிசியின் மேல். நல்லவேளை, அடி எதுவும் படவில்லை. ஆனால் அவள் உடம்பு நடுங்கியதைப் பார்த்தபோது எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. மாமியார் திட்டவில்லை. மகள் தலைமுடியைப் பிழிந்துகொண்டே, "தட்கல்ல டிக்கெட் போடுங்க மாப்ள," என்றார்.

ஊரில் பிறந்த என் மகளை நான் முதலில் பார்த்தது போனில்தான், அதுவும் விட்டு விட்டு வந்த நெட்வொர்க்கில். ஐந்து மாதம் கழித்து அவர்கள் வந்தார்கள். இப்போது வாடகை அறையில் இருக்கிறோம். உறவுக்காரர்கள் யார் வந்தாலும் மாமியார் ஆரம்பித்துவிடுவார்: "எங்க மாப்ள கணக்குல புலி. ஊர்ல எல்லாரும் தரையில குளம் வெட்டுவாங்க. இவரு தலைக்கு மேல வெட்டினாரு."

செல்வி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரிப்பு அடங்கியதும், பிறந்த குழந்தையை யார் முதலில் கையில் வாங்கியது என்று பேச்சு அந்தப் பக்கம் போகும். அப்போது நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.